தாத்தாவின் வெப்லி, பேரனின் பிரபல்: பழைய ரிவால்வர் நல்லதா, புதியது நல்லதா?

கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில் சாயங்காலம் ஐந்து மணிக்கே குளிர் இறங்கிவிடும். அடுக்கடுக்கான தோட்டங்களில் பூண்டும் கேரட்டும் பீன்ஸும் உருளையும் விளையும் ஊர். இருட்டியதும் காட்டுமாடுகள் வேலியோரம் வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் ஒரு தோட்ட வீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 78 வயதுத் தாத்தா. பீரோவின் உள்ளறையில், பழைய கம்பளித் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று. அவருடைய அப்பா காலத்தில் வாங்கியது, இங்கிலாந்து சரக்கு. தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லித் தகவல் வந்திருக்கிறது. தாத்தா துணியைப் பிரிக்கிறார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பேரன் லீவுக்கு வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான்.

"தாத்தா, ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் இந்தக் கனத்தைத் தூக்கிட்டு அலையணுமா? இதைக் கொடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிடலாம். கான்பூர்ல 'பிரபல்'னு ஒரு ரிவால்வர் போட்டிருக்கான். ஐம்பது மீட்டர் போகுமாம்."

"போடா. இது அந்தக் காலத்து இரும்பு. உங்க காலத்துச் சாமான் எது ரெண்டு வருஷம் உழைக்குது?"

வீடு கற்பனைதான். பேச்சு கற்பனை இல்லை. மிக்ஸி முதல் மோட்டார் சைக்கிள் வரை எல்லா வீட்டிலும் நடக்கிற அதே வாக்குவாதம், லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும் வீடுகளில் இப்படி நடக்கிறது. தாத்தா சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, பேரன் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்தத் துணிமூட்டை கைதவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும்?

விழுந்தால் வெடிக்குமா?

2024 அக்டோபர் 1-ம் தேதி அதிகாலை. இந்தி நடிகர் கோவிந்தா மும்பை ஜுஹுவில் உள்ள தன் வீட்டிலிருந்து கொல்கத்தாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனபோது அது கைநழுவி விழுந்து வெடித்தது. குண்டு இடது காலில், முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள், சில நாள்களில் வீடு திரும்பினார். அது வெப்லி ரிவால்வர், வாங்கிப் பல ஆண்டுகள் ஆனது, அதன் ஒரு சிறிய பாகம் உடைந்திருந்தது, தோட்டாக்கள் நிரப்பியே வைத்திருந்தார் என்றெல்லாம் அப்போது செய்திகள் வந்தன.

சினிமாக்காரர் வீட்டு விபத்து என்று பலரும் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோனார்கள். பீரோவில் பழைய ரிவால்வர் வைத்திருப்பவர்கள் அப்படிக் கடந்துபோக முடியாது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசங்களில் உயிரோடு சம்பந்தப்பட்ட வித்தியாசம் இதுதான். பளபளப்பு, எடை, விலை எல்லாம் இதற்கு அப்புறம்.

ரிவால்வரின் பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை ஆங்கிலத்தில் சுத்தியல் என்கிற பொருளில் ஹேமர் என்பார்கள். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி தெரிந்தவர்கள் அதைக் குதிரை என்பார்கள். குதிரை முன்னால் போய் அடித்தால், ஊசி மாதிரி ஒரு முனை தோட்டாவின் அடியில் குத்தும். அங்கே இருக்கும் மருந்து பொறி தட்டி, தோட்டா வெடிக்கும்.

மிகப் பழைய ரிவால்வர்களில் இந்த ஊசி குதிரையிலேயே இருந்தது. குதிரை ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் ஊசியின் முனை தோட்டாவுக்கு மிக அருகில் இருக்கும். 1873-ல் அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' இந்த வகைக்குப் பெயர்போனது. கௌபாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அதேதான். அந்த ரிவால்வர் கல்லில் தலைகுப்புற விழுந்து குதிரை அடிபட்டால், யாரும் விசையைத் தொடாமலேயே வெடிக்கக்கூடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, குதிரைக்கு நேராக இருக்கும் அறையைக் காலியாக விடுவார்கள். ஜெய்சங்கர் காலத்துத் தமிழ் கௌபாய் படங்களில் எத்தனை குண்டு வந்தது என்று எண்ணியவர்கள், கணக்கு ஆறிலும் நிற்காது என்று சொல்வார்கள். அது வேறு கதை.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு காலத்தில் பாடம் கற்றது, பெரும்பாலும் யாரோ ஒருவர் அடிபட்ட பிறகு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ல், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அந்த ரிவால்வரில் பாதுகாப்புத் தடுப்பு ஏற்கெனவே இருந்தது, ஆனால் அது நம்பகமாக வேலை செய்யவில்லை. கம்பெனி அவசரமாகத் தடுப்பை மாற்றி வடிவமைத்தது. விசையை முழுமையாக அழுத்தாதவரை குதிரைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் இரும்புத் துண்டு குறுக்கே நிற்கும்.

இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ரூகர், 1973-ல் வேறு வழியைப் பிடித்தது. குதிரையிலிருந்து ஊசியைப் பிரித்துச் சட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள். குதிரை அடித்தாலும் அது நேராக ஊசியைத் தொடாது. விசையை இழுத்தால்தான் நடுவில் ஒரு சிறிய பட்டை மேலே ஏறி வந்து, அடியை ஊசிக்குக் கடத்தும். விரல் விசையில் இல்லையென்றால் பட்டை கீழேயே கிடக்கும். குதிரையின் மேல் எவ்வளவு அடி விழுந்தாலும் ஊசிக்குப் போகாது. அதற்கு முன் விற்ற பழைய ரிவால்வர்களால் விபத்துகளும் வழக்குகளும் வந்தன. பிறகு 1980-களில், பழையதைக் கொண்டுவந்தால் இந்தப் பாகத்தைக் காசில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று ரூகர் அறிவித்தது. கொண்டுவராதவர்களும் உண்டு. அசல் உருப்படி கெட்டுவிடும், சேகரிப்பு மதிப்பு குறைந்துவிடும் என்பது அவர்கள் கவலை.

தாத்தாவின் 'அந்தக் காலத்து இரும்பு' என்ற பெருமையை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரும்பு உறுதியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வில்கம்பிகளும் தடுப்புகளும் இரும்பு மாதிரி ஆயுள் கொண்டவை அல்ல. தேய்ந்த தடுப்பு, தடுப்பே இல்லாததற்குச் சமம். வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பிர்மிங்ஹாமில் பிறந்தது

கைத்துப்பாக்கி எல்லாமே ரிவால்வர் என்று நினைப்பவர்கள் நிறைய. நடுவில் சுழலும் உருளை இருந்தால்தான் ரிவால்வர். உருளையில் ஐந்தோ ஆறோ அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் அடுக்காக இருக்கும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் எடுத்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். மேடைப் பேச்சுகளில் அதை ரிவால்வர் ஆக்கிவிடுவார்கள்.

இந்தியாவுக்கு ரிவால்வர் என்றால் வெப்லிதான். இங்கிலாந்தின் பிர்மிங்ஹாம் நகரத்துக் கம்பெனி. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் வெப்லியின் .455 ரிவால்வரை எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்து வடிவங்கள் மாறி, முதல் உலகப் போர் நடக்கும்போது, 1915-ல், 'மார்க் 6' வந்தது. கனமான, முரட்டுத்தனமான துப்பாக்கி. போருக்குப் பிறகு, சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று .38-க்கு இறங்கினார்கள். வெப்லியின் .38 'மார்க் 4', அதைப் பார்த்து அரசுத் தொழிற்சாலையே செய்த 'என்ஃபீல்டு நம்பர் 2' ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா முழுக்கப் புழங்கின. சுதந்திரத்துக்குப் பிறகும் நம் போலீஸ் அதிகாரிகள் இடுப்பில் நெடுநாள் தொங்கியது .38 ரிவால்வர்தான்.

வெப்லியின் தனி அடையாளம் அது திறக்கும் விதம். பக்கவாட்டில் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால், குழாய் முன்பக்கமாகக் கீழே மடங்கும். கீல் வைத்த பெட்டி திறக்கிற மாதிரி. மடங்கும்போதே நட்சத்திர வடிவத் தகடு ஒன்று மேலே எழும்பி, ஆறு காலித் தோட்டாக் கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளிவிடும். குதிரை மேல் இருக்கும் அதிகாரிக்கும் ஒரு கையில் லகானோடு சமாளிக்க வசதி. தாத்தா பேரனுக்கு முதலில் காட்டுவது இந்த வித்தையைத்தான். அழகாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை.

ஆனால் கீல் என்றால் கீல்தான். நாள்பட்ட கதவு தொங்குவது போல, பல ஆண்டுகள் மடக்கி மடக்கிக் கீலும் கொக்கியும் தேய்ந்தால், குழாய்க்கும் உருளைக்கும் இடையே ஆட்டம் கொடுக்கும். அழுத்தம் அதிகமான தோட்டாக்களை இந்த அமைப்பு தாங்காது. உலகம் இன்னொரு பக்கம் போய்விட்டதற்குக் காரணம் இது. உருளை மட்டும் இடது பக்கமாகக் கதவு போல வெளியே வரும், சட்டம் ஒரே துண்டாக இருக்கும். 1889-ல் கோல்ட், 1896-ல் ஸ்மித் அண்ட் வெஸன் என்று அமெரிக்கர்கள் அப்போதே மாறிவிட்டார்கள். நம் கான்பூரோ சமீபம் வரை வெப்லியின் மடக்கும் அமைப்பையே பிடித்துக்கொண்டிருந்தது.

ஏன் எல்லாமே .32?

இந்தியாவில் பொதுமக்கள் லைசென்ஸில் வாங்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32. அதாவது, குண்டின் குறுக்களவு ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு. இதை நிர்ணயித்தது எந்த எஞ்சினீயரும் அல்ல, சட்டம்.

1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் போட்டு அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. ஆனால் ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் .38, .455, 9 மில்லிமீட்டர், .303 போன்றவை 'தடை செய்யப்பட்ட ரக' வரிசையில் இருக்கின்றன. அரசுத் தோட்டா வெளியே கசிந்தாலும் பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதனால் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை, வெப்லியின் .38 மார்க் 4 ரிவால்வரை வைத்துப் பொதுமக்களுக்காக .32 வடிவம் ஒன்றைச் செய்தது. வட இந்தியாவில் பெரிய மனிதர்கள் இடுப்பில் பல ஆண்டுகள் இருந்தது இதுதான். உருவத்தில் வெப்லி, அளவில் தம்பி.

இதில் ஒரு வேடிக்கை. இந்த .32 தோட்டாவை ஸ்மித் அண்ட் வெஸன் அறிமுகப்படுத்தியது 1896-ல். பேரன் வாங்கச் சொல்லும் 'பிரபல்' வந்தது 2023-ல். புத்தம் புதுத் துப்பாக்கிக்குள்ளே போவது 127 வருடப் பழைய தோட்டா. இந்தியாவில் ரிவால்வர் புதுசாகிறதே தவிர, தோட்டா புதுசாகவில்லை.

எடை குறைந்த கதை

கான்பூரின் பழைய .32-க்கும் புதியவற்றுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எடை. பழைய இரும்பு ரிவால்வர் முக்கால் கிலோவை நெருங்கும். 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ஒன்றை வெளியிட்டது. டைட்டானியம் கலப்பு உலோகம், எடை 500 கிராம், ஆறு தோட்டா. விலை அப்போது சுமார் 1,22,000 ரூபாய். 2012 டெல்லிக் கொடுமையில் இறந்த பெண்ணுக்குப் பத்திரிகைகள் வைத்த 'நிர்பயா' என்ற பெயரை நினைவுபடுத்தும் பெயர். 'பெண்களுக்கான முதல் இந்தியத் துப்பாக்கி' என்று விளம்பரம். நகைப்பெட்டி மாதிரி பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

வாங்கியவர்களைவிடத் திட்டியவர்கள் அதிகம். மணிப்பூரைச் சேர்ந்த சமூகச் செயற்பாட்டாளர் பினாலட்சுமி நெப்ரம் போன்றவர்கள், பெண்ணின் கைப்பையில் துப்பாக்கியை வைப்பது அவளைக் காப்பாற்றாது, ஆபத்தைத்தான் கூட்டும் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. லட்சத்துக்கு மேல் விலை, அதற்கு மேல் லைசென்ஸ் அலைச்சல். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு அது எந்த வகையில் துணை? டைட்டானியத்தில் செய்தாலும் அந்தக் கேள்வியின் கனம் குறையவில்லை.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் எடை குறைவது முழு லாபம் இல்லை. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். எடை குறைந்தால் உதை கைக்கு வரும், குறி தவறும். தாத்தா தன் வெப்லி 'அசையாமல் நிற்கும்' என்று சொன்னால், அது பெருமைப் பேச்சு மட்டும் இல்லை.

2021-ல் நாட்டின் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். துப்பாக்கி செய்யும் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். கம்பெனிக்குள் வந்தன. 1966-ல் தொடங்கிய நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இப்போது அதன் கீழ்தான். அந்தக் கம்பெனி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்டதுதான் 'பிரபல்'. தோட்டா இல்லாமல் 675 கிராம். குழாய் 76 மில்லிமீட்டர், மொத்த நீளம் 177.6 மில்லிமீட்டர். உருளை பக்கவாட்டில் வெளியே வரும். கம்பெனி சொல்லும் தூரம் 50 மீட்டர். முந்தைய ரிவால்வர்களுக்குச் சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஐம்பது மீட்டர் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். மூன்று அங்குலக் குழாய் கொண்ட கைத்துப்பாக்கியால், பதற்றத்தில், ஐம்பது மீட்டரில் இருக்கும் இலக்கைத் தொடுவது பயிற்சி உள்ளவருக்கே கஷ்டம். உண்மையான முன்னேற்றம் உருளை பக்கவாட்டில் திறப்பதும், சட்டம் ஒரே துண்டாக இருப்பதும்தான். அமெரிக்கர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே செய்ததை நாம் 2023-ல் 'முதல் முறையாக' என்று அறிவித்துக்கொண்டோம். தாமதம் என்றாலும் சரியான திசை.

இதற்கு நடுவே வெப்லியே திரும்பி வந்தது. வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி லக்னோவின் சியால் நிறுவனத்தோடு சேர்ந்து உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்தில் உள்ள சண்டிலாவில் தொழிற்சாலை போட்டு, பழைய .32 மார்க் 4 வடிவத்தையே மறுபடி செய்யத் தொடங்கியது. இந்தியாவுக்காகக் கான்பூர் வெப்லியைப் போலச் செய்தது ஒரு காலம். இப்போது வெப்லியே இந்தியாவில் வந்து வெப்லி செய்கிறது.

பழசுக்குத்தான் விலை

'பழசைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கலாம்' என்ற பேரனுக்கு ஒரு தகவல். தாத்தாவின் இங்கிலாந்து ரிவால்வர் நல்ல நிலையில் இருந்தால், புதிய கான்பூர் ரிவால்வரைவிட அதிக விலைக்குப் போகக்கூடும். அது உசத்தியான சரக்கு என்பதால் அல்ல. 1980-களின் நடுப்பகுதியில் பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸன், கோல்ட் எல்லாம் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே போக, விலை மட்டும் ஏறியது. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் சாதாரண .32 இங்கே லட்சங்களில் பேசப்படுவதற்கு அதுதான் காரணம். விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்காவில் பழசு-புதுசு சண்டை வேறு மாதிரி. 1955-ல் வந்த கோல்ட் 'பைதான்' அங்கே ரிவால்வர்களில் ரோல்ஸ்ராய்ஸ் என்று பேர் வாங்கியது. உள் பாகங்களை அனுபவமுள்ள தொழிலாளிகள் கையால் அரம் போட்டுப் பொருத்துவார்கள். விசை வெண்ணெய் மாதிரி நகரும். கூலி கட்டுப்படியாகாமல் 2005-ல் நிறுத்தினார்கள். 2020 ஜனவரியில் அதே பெயரில் புதிய பைதான் வந்தது. பாகங்கள் குறைவு, துருப்பிடிக்காத எஃகு, கணினி இயந்திரத்தில் வெட்டியது, கைப்பொருத்தம் அதிகம் தேவையில்லை. மேல்சட்டத்தில் கூடுதல் உலோகம் வைத்து உறுதியாக்கியிருந்தார்கள். ஆரம்பத்தில் சில உருப்படிகளில் தோட்டா வெடிக்காமல் போன குறை இருந்தது, பிறகு சரிசெய்தார்கள். பழைய ரசிகர்கள் இன்றும் 'அந்த மெருகு இல்லை' என்கிறார்கள். தினமும் சுட்டுப் பழகுகிறவர்களோ, பழையது சீக்கிரம் சுருதி கலையும், புதியது கலையாது என்கிறார்கள். கைத்தறிப் பட்டும் விசைத்தறிப் பட்டும் மாதிரிதான், எதற்கு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

தோட்டாவுக்கும் வயசாகும்

துப்பாக்கியை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டு, தோட்டாக்களை மறந்துவிடும் வீடுகள் உண்டு. தமிழ்நாடே அறிந்த ஒரு சம்பவத்தில் பழைய தோட்டாதான் உயிர்களைக் காத்தது.

1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா ரிவால்வரால் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவருமே பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த குண்டு அவருடைய குரலை மாற்றியது. கழுத்துக் கட்டோடு இருந்த படம் ஊரெல்லாம் சுவரொட்டியாகி, அந்தத் தேர்தலில் பரங்கிமலையில் அவர் ஜெயித்தார். அவ்வளவு கிட்டத்தில் சுட்டும் இருவரும் எப்படித் தப்பித்தார்கள்? தடயவியல் நிபுணர் பி.சந்திரசேகரன் தந்த விளக்கம், தோட்டாக்கள் பல ஆண்டுகள் பழையவை, மேஜை இழுப்பறையில் கிடந்து உருண்டு உருண்டு, குண்டுகளின் பிடி தளர்ந்துபோயிருந்தது, அதனால் வேகம் குறைந்தது என்பது.

அன்று அது அதிர்ஷ்டம். ஆனால் பழைய தோட்டா எப்போதும் மெதுவாகப் போய் உதவும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சில வெடிக்காது, சில தாமதமாக வெடிக்கும், சில குண்டைக் குழாய்க்குள்ளேயே பாதியில் நிறுத்திவிடும். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியே சிதறும். மலையில் ஈரமும் பனியும் அதிகம். கொடைக்கானல் பக்கத்தில் பித்தளைப் பாத்திரம் எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். தோட்டாக் கூடும் பித்தளைதான்.

காட்டுமாட்டுக்கு ரிவால்வரா?

'தோட்டத்துக்குள்ள மிருகம் வருது, ஒரு துப்பாக்கி இருந்தா தைரியம்' என்று மலையில் சொல்வது சகஜம். ஆண் காட்டுமாடு ஒரு டன் வரை எடை போடும். .32 ரிவால்வர் அதற்கு எறும்புக்கடி, காயம்பட்ட கோபத்தோடு அது நம் பக்கம் திரும்பும். தவிரவும், அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. சுட்டால் சிறை. பழைய ரிவால்வராக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். சோலார் வேலியும் வனத்துறைக்கு ஒரு போனும் அதைவிட மேல்.

தாத்தாவுக்குப் பிறகு

இனி அந்த வீட்டுக்குத் திரும்பலாம். தாத்தாவின் ரிவால்வரைப் பேரன் நினைத்தபடி விற்கவும் முடியாது, தன் பையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போகவும் முடியாது. லைசென்ஸ் தாத்தா பேரில் இருக்கிறது. வேறொருவர் கையில் அது இருந்தால் சட்டவிரோத ஆயுதம்.

2016 ஆயுத விதிகள் ஒரு வழி தருகின்றன. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு அவருடைய வாரிசு கேட்கலாம். உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தால் அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தால், சட்டப்படியான வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, முடிவு கலெக்டர் கையில். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இதே கணக்கு. லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. தாத்தா இறந்தபின் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பீரோவிலேயே விட்டுவைப்பதுதான் பல குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, ரசீதை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். யாருக்கும் வேண்டாம் என்றால் அதையும் எழுதிக் கொடுத்துவிடலாம்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் உள்தடுப்பையும் கீலையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கத்து லேத் பட்டறையில் கொடுக்கிற வேலை இல்லை இது. ரிவால்வர் காலியாக, பூட்டி. தோட்டா வேறொரு இடத்தில், அதுவும் பூட்டி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமே இல்லை.

மறுநாள் காலை தாத்தாவும் பேரனும் கொடைக்கானல் காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது தாத்தா கொக்கியைத் தள்ளிக் குழாயை மடக்குகிறார். ஆறு தோட்டாவும் ஒரே தள்ளில் உள்ளங்கையில் வந்து விழுகின்றன. விளிம்பில் லேசான பச்சை.

"இது எப்ப வாங்குனது தாத்தா?"

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்கப்பன் கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார்.